தழும்பில்லாத நாயகன்

சங்ககிரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாமாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. நானும் உங்கள் மகள் கனிஷ்காவும் நலம். சத்தீஸ்கர் காட்டுக்குள் நீங்கள் போர்வெல் போடப் போன இடத்தில் டவர் இல்லையாம். உங்கள் குரலைக் கேட்டே எவ்வளவு நாளாகிவிட்டது! துளை போடும் ரிக் வண்டிக்கு உதிரி பாகம் ஏற்றிக்கொண்டு செங்கோடன் அண்ணன் நாளை அங்கே கிளம்புகிறார். அவரிடம் இந்தக் கடிதமும் கடலை உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவைத் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

சேலத்துக்கு ஞாயிறு வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நாட்டுப்புறக் கதைகளில் வரும் பாத்திர வகைகளை வைத்து இன்றைய படம் ஒன்றை ஆராயச் சொன்னார்கள். நாயகன், எதிரி, துணைவன், அனுப்பி வைப்பவர், இளவரசி, போலி நாயகன் என்று ஒரு சிலர்தான் சட்டையை மாற்றிக்கொண்டு எல்லாப் படத்திலும் வருகிறார்களாம். இடைவேளைக்குப் பிறகு நீங்கள் குறட்டை விட்டீர்களே, அந்த லாரிக்காரன் படத்தை எடுத்துக்கொண்டேன். லாரிதான் துணைவன், முதலாளி அனுப்பி வைப்பவர் என்று மளமளவென்று எழுதினேன். போலி நாயகனுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நாயகன் ஊரில் இல்லாதபோது அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் அவன் என்பவனாம். படத்தில் அப்படி யாருமில்லை. நம் வீட்டில் இருக்கிறான், மாமா.

நீங்கள் கடைசியாக அனுப்பிய வீடியோவைக் கனிஷ்கா ஓயாமல் போட்டுப் பார்க்கிறாள். சாப்பிடும்போது கைபேசிக்கும் ஒரு வாய் ஊட்டுகிறாள். திரையெல்லாம் பருப்புச்சோறு. நேற்று பக்கத்து வீட்டுக் கந்தப்பன் பெரியப்பா, அப்பா எங்க சாமி என்று கேட்டதற்கு, சார்ஜ்ல இருக்கறாங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன்.

ரிக் ஊர் திரும்பாமல் அங்கிருந்தே ராஜஸ்தான் போகிறது என்று முதலாளி சென்னியப்பன் சொன்னார். வர நினைப்பவர்கள் செங்கோடன் வண்டியிலேயே வரட்டும், வேறு ஆள் அனுப்பிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்களோ தெரியவில்லை. வீடு கட்டும் வேலை பாதியில் நிற்பது எனக்கும் தெரியும். நிற்கட்டும்.

கதைகளில் போலி நாயகனைப் பேசி விரட்ட முடியாது. உண்மையானவன் நேரில் வந்து உடம்பிலுள்ள அடையாளத்தைக் காட்ட வேண்டும். டிரில் ராடு கிழித்த தழும்பு உங்கள் இடது கையில் இருக்கிறது. வீடியோவில் முழுக்கைச் சட்டை அதை மறைத்துவிட்டது. கனிஷ்கா அதைத் தொட்டுப் பார்க்கட்டும். எனக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

திருச்செங்கோட்டு மலையிலிருப்பவர் உங்களுக்குத் துணையிருக்கட்டும். திரும்பும்போது அண்ணன் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்குமாம். அதைக் காலியாக அனுப்பிவிடாதீர்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் கோகிலா.