முருங்கையடியில் புதைத்த சிலந்தி

ஆவணி 9, செவ்வாய்.

குவாரிப் பக்கம் பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் நான் வளர்க்கும் பெரிய சிலந்தி, காலையில் தோல் உரிக்க மல்லாந்து படுத்தது. "சாகவில்லை, தொடாதே" என்று, முதியோர் வகுப்பில் இந்த வருஷம்தான் கற்ற எழுத்தில் பிழையில்லாமல் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டு அரியலூர் போனேன். திரும்பி வந்தால், என் மனைவி செல்லம்மா அதை முருங்கையடியில் புதைத்துப் பாலும் தெளித்திருக்கிறாள்!

"எழுதி ஒட்டியிருந்தேனேடி!"

"நான் எந்தப் பள்ளிக்கூடம் போனேன்? நேத்து படிச்ச திமிரு ஒங்களுக்கு. வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல். விரலாலேயே மண்ணைத் தோண்டி எடுத்துத் தொட்டியில் வைத்தேன். எட்டில் ஒரு கால் அசைந்தது. அப்போதிருந்து செல்லம்மா தொட்டியை விட்டு நகரவில்லை.

"இன்னொரு காலும் அசையுதுங்க, வந்து பாருங்க!"

நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறாள். எழுதவே விடமாட்டாள் போல.