இரண்டாவது கினிப் பன்றி

ஓசூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள பவளத்துக்கு,

பக்கத்து வீட்டார் பெங்களூருக்குக் குடிபோனபோது கூண்டோடு விட்டுப்போன, பெரிய எலி போலிருக்கும் கினிப் பன்றியை நான் எடுத்து வளர்ப்பதை மகள் சொல்லியிருப்பாள். அது சரியாகத் தின்னாமல் இளைத்துக்கொண்டே வந்தது. "தனியா இருந்தா ஏங்கிடும் சார், ஒரு துணை வேணும்" என்றார் கால்நடை மருத்துவர். பிராணிகள் காப்பகத்திலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தேன், இரண்டும் பெண்.

நோய் இருக்கிறதா என்று பார்க்க, புதியதை இரண்டு வாரம் வேறு அறையில் வைக்கச் சொன்னார். நான் ஐந்து வாரம் வைத்தேன். சோதித்து முடிக்காமல் எந்தச் சரக்கையும் உள்ளே விடாத தொழிற்சாலைப் பழக்கம். சண்டை போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

நேற்று, வேலைக்கு வரும் ஆரோக்கியசெல்வி என்னைக் கேட்காமலே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட்டாள். "இன்னும் எத்தினி நாளு செக் பண்ணுவீங்க சார்? ரெண்டும் கத்திக் கத்தியே செத்துப்போவும்!"

சண்டை நடந்தது, அரை நிமிடம். பிறகு பழையது கொத்தமல்லிக் கட்டில் பாதியைத் தின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ கோபித்துக்கொண்டு கிருஷ்ணகிரி போய் ஏழு மாதமாகிறது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்பாயோ என்றுதான் எழுதாமல் இருந்தேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி வருகிறேன். திட்டுவதானால் நேரிலேயே திட்டு.

உன் வீட்டுக்காரர்