கேமராவுக்குக் குறுக்கே போனேன்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காதீர்கள். நாங்கள் மூவரும் சுகம்.

நம் மகள் எடுக்கும் குழந்தைகள் நிகழ்ச்சியை டிவிக்காரர்கள் நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். கடைசிப் படப்பிடிப்பில் ஓர் ஐந்து வயதுக்காரி தம்ளரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாதி தரையில் கொட்டிவிட்டது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்றே, கை சும்மா இருக்குமா? துணியோடு ஓடினேன்.

"பாட்டி, குறுக்க வராதீங்க!" என்று கேமராக்காரர் கத்தினார்.

"நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்றாள் நம்மவள். பத்து வருஷம் ஆவணப்படம் எடுத்தவள், நடப்பதை நடக்க விடுவாள்.

அந்தக் குட்டி என் துணியைப் பிடுங்கி, "நான்தானே கொட்டினேன், நானே துடைக்கிறேன். நீங்க போய் உக்காருங்க" என்றது. அதை அப்படியே டிவியில் போட்டாள். பார்த்த டிவி நிலையத்துப் பெரிய அதிகாரி இன்னும் ஒரு வருஷம் எடுக்கச் சொல்லிவிட்டார். ஈரத்தில் வழுக்கி என் கால் லேசாகப் பிசகியது, பயப்பட ஒன்றுமில்லை.

"கேமராவைத் தூக்கிட்டு அலையறவ உருப்படுவாளா?" என்று உங்கள் தங்கை கேட்டாளே, பச்சைப் புடவையில், நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே. அவளுக்கு இதுவரை எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இனி உங்களுக்கு மட்டும். என் பழைய போர்வையை அனுப்புங்கள், இங்குள்ளதில் தூக்கம் பிடிக்கவில்லை. பேரனுக்குப் பள்ளி விடும் நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன். வீடே எதிர்த்த அன்று, நம் மகளின் சினிமாப் படிப்பு விண்ணப்பத்தில் நீங்கள்தான் பேசாமல் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கு நன்றி. நேரில் என்றால் எனக்கு வாய் வராது.