மணிக்கட்டு வழியாக

ஆம்பூர்

கர்த்தருக்குள் அன்பான மகள் ஷர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு வந்தது, போனில் உன்னிடம் சொன்னதுபோல் வைரல் காய்ச்சல் இல்லை. ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தபோது வலது கை மரத்துப்போய், பேச்சுக் குழறிவிட்டது. சூப்பர்வைசர் நயீம் அகமதுதான் காரில் வேலூருக்குக் கொண்டுபோனார். மூளையில் இடது பக்க ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதாம். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதைச் சாப்பிட்டும் மறுபடி கை துவண்டது. குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

தொடை வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். இதயத்துக்கு மேலே தனித்தனியாகப் பிரிய வேண்டிய இரண்டு குழாய்கள் அப்பாவுக்குப் பிறவியிலேயே ஒரே தண்டிலிருந்து கிளம்புகின்றனவாம். அந்த வளைவில் கம்பி திரும்பவில்லை. வலது மணிக்கட்டு வழியாகப் போனால் சுலபம் என்றார் டாக்டர்.

இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? "கத்தி புடிக்கிற கை டாக்டர், அத தொடாதீங்க" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகணும் என்று ஒரே அடம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எனக்கு மட்டும் நரம்பு வேற மாதிரிப்பா" என்று பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இட்லியைப் பிட்டு அவர் வலது கையில் கொடுத்து, "எங்க, வாய்ல வை பாப்போம்" என்றேன். கீழே விழுந்தது. வார்டே பார்த்தது. அவர் அழுதார், நான் அழவில்லை. டாக்டர் திரும்பி வந்ததும் கையை அவரே நீட்டினார்.

நல்லபடியாக முடிந்தது. பேச்சு தெளிந்துவிட்டது, கையும் மெல்லத் தேறுகிறது. இப்போது அடுத்த பேஜார். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார். "அதான் உள்ள ஸ்டென்ட் வெச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்கு மாத்திரை?" என்கிறார். மாத்திரையை விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். அதை நான் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

நீ சொன்னால் கேட்பார். தினமும் வீடியோவில் கூப்பிட்டு, உன் கண் முன்னால் விழுங்கச் சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அதற்கும் ஒரு சண்டை வரும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. என்னோடு சண்டை போட உன் அப்பாவையும் எனக்கு விட்டுவைப்பாராக.

உன் அம்மா,
எஸ்தர்