காமாலை இல்லை என்றார்கள்

மாமியார் மிக்சியில் கீழாநெல்லி அரைக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை ஹாலுக்கு வந்ததும் நீ வந்துவிட்டாய். இந்த முறை அது எனக்கு. என் ரத்தப் பரிசோதனையில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி ஏறியிருக்கிறது. உனக்கு ஏறிய அதே நொதி. பார், இதிலும் நீதான் முதல்.

கல்லூரியிலிருந்தே உன்மேல் பொறாமைதான். செங்கல்பட்டு ஸ்டேஷனில் உன் சமோசாவையும் தின்று என்னுடையதில் பாதியையும் பிடுங்குவாய். இடுப்பு மட்டும் அப்படியே இருக்கும். கல்யாணமானபின் உனக்கு மாமல்லபுரத்துக் கடல்காற்று, எனக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி. அதுகூடப் போகட்டும். என் தோளில் வீறிடும் என் மகள் உன்னிடம் போனால் கப்சிப். "உங்கம்மா பயந்துகினே தூக்குறா, அதான்டி செல்லம்" என்று அவளிடம் சொல்லி எனக்குக் கண்ணடிப்பாய்.

ஒரு மருத்துவ முகாமுக்கு நீதான் என்னை இழுத்துப் போனாய். எனக்கு எல்லாம் சரி, உனக்கு அந்த நொதி மட்டும் அதிகம். முதல் தடவையாக உன்னை ஜெயித்தேன். நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்கக்கா, டிரிங்ஸ் பழக்கம்...?" என்றாள். "இருக்குதும்மா. தெனம் ரெண்டு சொம்பு மோரு" என்றாய்.

உன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு லிவர் கெட்டது என்றால் ஊர் என்ன பேசும்? காமாலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். பத்தியம் முடிந்ததும் உன் மாமனார் உன்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையா கீது. காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அதோடு முடிந்தது. மறுபரிசோதனைக்கு நான் கூப்பிட்டபோது, "இன்னாடி, எப்பப் பாரு பேஜாரு பண்ணிகினு" என்றாய். உன் அப்பாவும் சின்ன வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மாசிமகத்துக்கு முந்தின வாரம், மாடியில் துணி காயப்போடப் போன நீ நெஞ்சடைத்து விழுந்தாய்.

நேற்று என் டாக்டரம்மா சொன்னார்: "இது லிவரை மட்டும் சொல்ற நொதி இல்லம்மா. உடம்புக்குள்ள அழற்சி இருந்தாலும் ஏறலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு சொல்வோம், உள்ளுக்குள்ள துருப்பிடிக்கிற மாதிரி, அதுக்கும் ஏறலாம். இதை மட்டும் வெச்சு ஹார்ட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனா பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துடணும்."

பார்த்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார்.

இதோ, மாமியார் டம்ளரை நீட்டுகிறார்கள். "குடிச்சிட்டு கண்ணக் காட்டு."

"வேணாம் அத்தை. ஹார்ட் டாக்டரைப் பாக்கப் போறேன்."

"லிவருக்கு எவளாச்சும் ஹார்ட் டாக்டராண்ட போவாளா?"

"நான் போறேன்."

ரிப்போர்ட்டைப் பையில் வைக்கிறேன், பயந்துகொண்டேதான். நீயோ எதற்கும் பயந்தவளில்லை. பயம் என்றால் என்னவென்று தெரியாமலே இருந்தாய், தெரியாமலே போனாய். என் பொறாமைகளில் பெரியது அதுதான்.

மகள் இன்னும் உன் போட்டோவைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். நீட்டட்டும். அதில் உனக்கு ஒரு நரைகூட விழப்போவதில்லை. எனக்கு விழணும், தலை முழுக்க விழணும். அந்தத் தலையோடு உன் முன்னால் நின்று, இவளுக்கு மட்டும் வயசே ஆகலையே என்று நான் வயிறெரியணும்டி.