நாங்கள் போட்ட ரோடு

13-2-1983, ஞாயிறு

புதிய பைபாஸில் இன்று முதல்முறையாகக் குடும்பத்தோடு பஸ்ஸில் போனோம். இருபுறமும் காயல், தென்னை, நல்ல காற்று. நானும் என் மனைவி வள்ளியும் தார் போட்ட இடம் வந்ததும் அவள் சட்டென்று இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டாள். ரோலர் ஓடும்வரை புதுத் தாரை மிதிக்கக் கூடாது என்று பழகிப்போன கால்கள்.

"எந்தா சேச்சி, பாம்பு வல்லதும் உண்டோ?" என்று, பாம்பு ஏதாவது இருக்கிறதோ எனக் கண்டக்டர் மலையாளத்தில் பதறினார். வள்ளி காரணத்தைச் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது.

எனக்கு மகளை நினைத்துத்தான் பயம். எங்கள் வேலையைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லமாட்டாள், அத்தனை வெட்கம். இன்று எழுந்து நின்று, கண்டக்டரிடம் எங்கள் இருவரையும் காட்டி, "இது எண்டெ அச்சனும் அம்மையும் இட்ட ரோடாணு, சேட்டா" என்றாள்.

பிறகு உட்கார்ந்து தன் கால்களையும் மேலே தூக்கிக்கொண்டாள்.