மீட்கப்பட்ட குழந்தைகளின் கணக்கிலிருந்து என் மகளைக் கழித்துவிடக் கோரி

அனுப்புநர்:
ஒன்பது மாதப் பெண் குழந்தையின் தாய்,
தையற்கடைக்கு மேல் மாடி வீடு.
(பேருந்து நிறுத்தத்தில் உள்ள தங்கள் பலகையில் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பவள்.)

பெறுநர்:
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
தலைவர், பொதுப் பாதுகாப்புக் குழு;
தலைவர், குடிமக்கள் உரிமைக் குழு.
(இரண்டும் ஒரே அறை என்பதால் ஒரே மனு.)

பொருள்: என் மகள் என்னிடமிருந்து மீட்கப்பட்டதாக வைத்துள்ள பலகையை அகற்றி, அவளைப் பகல்நேரக் காப்பகத்திலிருந்து நானே அழைத்துவர வழிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. தாங்கள் தொடங்கிய ‘விழித்திருக்கும் வீதி’ திட்டத்தால் எங்கள் தெருவில் பிள்ளை பிடிப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. முன்பும் கிடையாது, அப்போது அதற்கு விழா எடுக்க ஆளில்லை. காரணமின்றி எந்தப் பெண்ணையும் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டமன்றத்தில் தாங்கள் பேசியதையும் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே கைபேசியில் முழுவதும் கேட்டேன். தாங்கள் மேசையைத் தட்டும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்தாள். அதற்கும் நன்றி.

1. சென்ற மாதம் ஒரு நண்பகலில், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் வீறிட்டு அழுதாள். மருந்துக்கடை முன்பு தங்கள் தொண்டர்கள் மூவர் வழிமறித்தனர். மூவரின் முதுகிலும் தங்கள் படம் போட்ட மஞ்சள் சட்டை. சந்தேகத்துக்கான காரணங்களை அவர்கள் மறைக்கவில்லை: குழந்தை கத்துகிறது, தூக்கி வருபவள் ஓட்டமும் நடையுமாக வருகிறாள், குழந்தையின் ஒரு காலில் மட்டுமே காலுறை இருக்கிறது. இம்மூன்றும் இல்லாமல் ஒருத்தி வந்தால் அவளைத்தான் நிறுத்த வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

2. தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். அதில் குழந்தையின் எடை இருந்தது, என் முகம் இல்லை. ஆகவே தொண்டர் தலைவர் (வண்டி மெக்கானிக், தொழிலில் குறை சொல்ல முடியாது) ஒரு சோதனையை அறிவித்தார். “குழந்தைய கீழ விடும்மா. யார்கிட்ட போகுதோ அவங்கதான் அம்மா.” தரை சுடுமே என்று ஒருவர் தன் சட்டையைக் கழற்றி விரித்தார். அந்தக் கரிசனத்தைக் குறிப்பிடாமல் விட மனமில்லை.

ஊசி போட்டபோது குழந்தையின் கால்களை அழுத்திப் பிடித்தவள் நான். அன்றைக்கு உலகத்திலேயே அவளுக்கு ஆகாதவள் நான் ஒருத்திதான். கைகளை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். தங்கள் திருமுகத்தின் மீது தவழ்ந்து நேரே அவரிடம் போய்விட்டாள். (வழியில் தங்கள் முகம் நனைந்தது. குழந்தையின் சார்பில் வருந்துகிறேன்.) சோதனைப்படி தொண்டர் தலைவரே தாய். அவருக்கு மீசை இருந்தபடியால் தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது.

3. தகவல் போய் என் மாமியார் வந்து சேர்ந்தார். மருமகளும் தம்முடையவள்தான், பேத்தியும் தம்முடையவள்தான் என்று சாட்சி சொன்னார். பச்சைப் பிள்ளையை இந்த வெயிலில் தூக்கிக்கொண்டு அலைபவளை நாலு கேள்வி கேட்டதில் தப்பில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். தொண்டர்கள் குழந்தையை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ‘மீட்கப்பட்ட குழந்தை’ என்று பலகையில் இருப்பது அதுவே. ஓரத்தில் தலை கலைந்து, வட்டத்துக்குள் நிற்பது நான். அந்தப் படத்தில் தாம் இளைத்துத் தெரிவதாக மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார், வட்டத்தோடு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, விட்டுத்தள்ளு என்கிறார் என் கணவர். அவர் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்.

4. தங்கள் அலுவலகத்தில் முற்பகல் உரிமைப் பிரிவு, பிற்பகல் பாதுகாப்புப் பிரிவு. நாற்காலி ஒன்று, உதவியாளரும் ஒருவர். முற்பகலில் அவர் என் கதையைக் கேட்டுப் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். பாதுகாப்புப் பிரிவு இப்படி நடந்துகொண்டது அநியாயம், பிற்பகல் வந்து அவர்களைக் கேளுங்கள் என்றார். பிற்பகல் போனேன். மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, அதே மனிதர், உட்காரக்கூடச் சொல்லாமல், குழந்தை யாருடையது என்று ஆரம்பித்தார். முடிவில் ‘தாய் அடையாள அட்டை’க்கு விண்ணப்பிக்கச் சொன்னார். மாதிரி அட்டையைப் பார்த்தேன். தங்கள் படம் உள்ளங்கை அளவு. தாயின் படத்துக்குத் தபால்தலை அளவு இடம்.

பதினேழு குழந்தைகளை மீட்டதாகத் தாங்கள் மேடையில் அறிவித்தீர்கள். ஒன்று என்னுடையது. மற்ற பதினாறும் யார் யாரிடமிருந்து மீட்கப்பட்டன என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவற்றில் எத்தனை மீட்புகள் தடுப்பூசி போட்ட நாளில் நடந்தவை என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடியவையே. விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். குழந்தையை விடும் காப்பகம், தங்கள் பலகை இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே. அதை நடத்தும் அக்கா நல்லவர். “எனக்குத் தெரியாதாம்மா, நீதான் அம்மான்னு? ஆனா போர்டுல வட்டம் போட்டு வெச்சிருக்காங்களே. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தானே பிடிப்பாங்க?” என்கிறார். ஆகவே காலையில் நான் கொண்டுவந்து விடலாம். மாலையில் நான் கூட்டிப்போகக் கூடாது. கொண்டுவருகிறவள் மீது எவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நேற்று என் கணவர் வரத் தாமதமானது. மாமியாருக்கு முழங்கால் வலி. நான் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். மற்றப் பெற்றோர் பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தத்தம் பிள்ளைகளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் மகள் உள்ளிருந்து கம்பியைப் பற்றி எழுந்து நின்று, தூக்கச் சொல்லிக் கத்தினாள். நான் தூக்கவில்லை. சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, அங்கே புதிதாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் போலும், எனக்கு டாட்டா காட்டினாள்.

ஐயா, எனக்கு அட்டை வேண்டாம். பலகையை இறக்கி, அதை இறக்கிவிட்ட செய்தியைக் காப்பகத்து அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லச் செய்தால் போதும். வரும் திங்களன்று என் கணவர் வெளியூரில் இருப்பார். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். செய்யாவிட்டால், அன்று மாலை என் குழந்தையை நான் கடத்தித்தான் ஆக வேண்டும். அந்த ஒன்றைத் தாங்கள் தாராளமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

நாள்: வெள்ளி, குழந்தை தூங்கிய பின்
இடம்: மாடி வீட்டுச் சமையலறை

தங்கள் தொகுதி வாக்காளரும்,
சரிபார்ப்பு நிலுவையில் உள்ள தாயும்
(கையொப்பம்)